புது மெஷின் விட்டுவைத்த குரல்

ஆகஸ்ட் 3

மதிப்புக்குரிய கணக்கு டீச்சருக்கு,

வணக்கம். நீங்க என்னைப் பாத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியில உங்க பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தாரே, மார்க்கெட்ல காய்கறி ஏலம் விடறவரு, அவரோட வீட்டுக்காரி நான். வீட்டு முன்பக்கம் தையல் கடை வெச்சிருக்கேன். நீங்க அவருக்கு அனுப்பின புத்தகப் பார்சல் மேல உங்க அட்ரஸ் இருந்தது. கையில வேற தாள் இல்லாததால கடை பில் தாள்லயே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உடம்பு எப்படி இருக்கு? எரிச்சல் குறைஞ்சுதா? உங்களுக்கு நல்லபடியா ஆகணும்னுதான் நானும் நெனைக்கறேன். அதுல பொய் இல்லை.

அவருக்குத் தொண்டையில கேன்சர்னு சொன்னப்ப டாக்டர் ஒரு விஷயம் சொன்னாரு. புதுவிதமா ஒரு ரேடியேஷன் வந்திருக்கு, இன்னும் சோதனையிலதான் இருக்கு, சம்மதம்னா கையெழுத்துப் போடுங்கன்னாரு. ரெண்டு பேரும் போட்டோம். அப்பறம் அவரு ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிட்டாரு. எனக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற சீசன். கடையைப் போட்டுட்டு வர முடியலை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டு ஓடி வருவேன். அந்த நேரத்துல உங்க நாற்காலி காலியா இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பினதுலேர்ந்து அவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஒரு சின்ன சிலேட்டு வெச்சிருக்காரு. 'டீ.' 'ஃபேனைக் குறை.' 'கரண்ட் பில் கட்டியாச்சா?' எல்லாம் சாக்பீஸ்லதான். டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருப்பாருன்னு நானும் வற்புறுத்தலை. அவருக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னு நானே வீட்ல மெதுவாத்தான் பேசறேன்.

போன வாரம் மொட்டை மாடியில காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். படிக்கட்டு மேல யாரோ பேசற சத்தம். பக்கத்து வீட்டு ஆளுன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா அவரு! காதுல போன். பேசறாரு. சிரிக்கவும் செய்யறாரு. என்னைப் பாத்ததும் போனை வெச்சுட்டு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாரு: 'டீச்சர்.' அதுலேர்ந்து கவனிக்கறேன், தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனோட படிக்கட்டுக்குப் போயிடறாரு.

முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு சிலேட்டு. ரெண்டு மாசம் பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்குக் குரல். இது என்ன நியாயம்னு நீங்கதான் சொல்லணும்.

இந்த வயசுல இதைக் கேக்க வெக்கமாத்தான் இருக்கு. நீங்க சிரிக்கலாம். சிரிங்க, ஆனா பதில் எழுதுங்க. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்படி என்னதான் பேசிக்கறீங்க?

இப்படிக்கு,
தையல்காரி

———

ஆகஸ்ட் 11

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை. சிரித்தாலும் சத்தம் வராது.

கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஆமாம் என்பதற்குப் பேனாவால் போனை ஒரு தட்டு, இல்லை என்பதற்கு இரண்டு தட்டு. எங்கள் உரையாடலில் என் பங்கு அவ்வளவுதான்.

உங்களுக்கு என்மேல் பொறாமை என்று புரிகிறது. எனக்கு உங்கள் கணவர்மேல் பொறாமை. அதையும் நீங்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி, ஒரே டாக்டர். சோதனைக்கு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் புதியது கிடைக்காது. பாதிப் பேருக்குப் புது மெஷின், பாதிப் பேருக்குப் பழையது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்யும். அவருக்குப் புதியது வந்தது. எனக்குப் பழையது. பழையது தொண்டை முழுவதையும் சேர்த்துச் சுட்டுவிடும். புதியது கட்டி இருக்கும் இடத்தைத் தேடிப் போய், எச்சில் சுரக்கும் இடங்களையும் நல்ல சதையையும் முடிந்தவரை விட்டுவிடும் என்றார்கள். நிஜமாகவே அப்படித்தானா என்பது அவர்களுக்கே அப்போது நிச்சயமில்லை. அதற்குத்தானே சோதனை.

தினமும் முகத்தின் மேல் வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடியை அழுத்தி, மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். மூச்சு விடலாம், அசைய முடியாது. அவர் முதலில் புது மெஷினுக்குப் போவார், அடுத்து நான் பழையதற்கு. வெளியே வரும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். சிகிச்சை முடியும் சமயத்தில் எனக்குத் தண்ணீர் இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாலில் நனைத்த ரொட்டி சாப்பிட்டார். அந்த ரொட்டியை நான் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் என்னைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

இவ்வளவுக்கும் அவர் மார்க்கெட்டில் சிகரெட்டாக ஊதித் தள்ளிய மனிதர், அவரே சொன்னார். எனக்கு வகுப்பில் கத்துவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. சீட்டுக் குலுக்கலுக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். தெரிந்தும் வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ மாத்திரை பற்றிக் கேட்கத்தான் முதலில் போன் செய்தார். நான் பதில் சொல்ல முடியாமல் பேனாவால் தட்டினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவரை தினமும் உரக்கப் பேசச் சொல்லியிருக்கிறார். அதனால் எனக்கு ஏலம் விட்டுக் காட்டுகிறார். டாக்டரின் மூக்குக்கண்ணாடி, எக்ஸ்ரே அறையின் கதவு, என் வீட்டு ஒட்டடை எல்லாம் விற்றாகிவிட்டது. நேற்று என் பள்ளித் தலைமையாசிரியரை விற்றார். எடுக்க ஆளில்லை.

இவ்வளவுதான் நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கணக்கு டீச்சர்

———

ஆகஸ்ட் 16

டீச்சருக்கு,

இவ்வளவுதான்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அது இவ்வளவா இல்லை.

கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அம்மாவோட மார்க்கெட்டுக்குப் போவேன். லாரிக்கு அந்தப் பக்கம் ஏலம் நடக்கும். ஆளு தெரியாது, குரல் மட்டும் வரும். அந்தக் குரல் கூவினா வாடின கீரைகூட நிமிந்து உக்காரும். பையைக் கீழ வெச்சுட்டு வாயைப் பொளந்து நிப்பேன். அம்மா தலையில ஒரு குட்டு வெச்சு இழுத்துட்டுப் போவாங்க. நான் குரலைத்தான் கட்டிக்கிட்டேன் டீச்சர். ஆளை அப்பறந்தான் பாத்தேன்.

கட்டிக்கிட்டு என்ன சுகம்? விடியக்காலையிலேர்ந்து ஊருக்கே கத்திட்டு, வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிப்போய் வருவாரு. 'ம்', 'ஊஹும்', அதோட சரி. போகட்டும், வேலையை விட்ட பிறகு உக்காந்து பேசுவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள கேன்சர் வந்துடுச்சு. மிச்சம் மீதியாவது எனக்குன்னு நெனச்சேன். அதை நீங்க தினம் ஏழு மணிக்கு வாங்கிக்கறீங்க. எனக்கு ஒரு நாள்கூட அவரு ஏலம் விட்டுக் காட்டினதில்லை. உங்க ஒட்டடைக்குக் கெடச்ச குரல்கூட எனக்குக் கெடைக்கலை.

உங்க லெட்டரைப் பாத்தா நீங்க ஒண்டிக்கட்டைன்னு தெரியுது. பேசவும் முடியலை. ஒரு குரல் கேட்டா ஆறுதலாத்தான் இருக்கும், புரியுது. அதுக்காக என் வீட்டு விளக்கை எடுத்துட்டுப் போய் உங்க வீட்ல ஏத்திக்கலாமா?

கோபமா எழுதறேன்னு தெரியுது. ஊசி கையில குத்தி ரத்தம் வேற வந்துடுச்சு, கவனம் முழுக்க இங்கதான் இருக்கு. இனிமே போனை எடுக்காதீங்க. நான் எழுதினேன்னு அவருக்குத் தெரியவும் வேண்டாம்.

தையல்காரி

———

ஆகஸ்ட் 22

சகோதரிக்கு,

நீங்கள் சொன்னபடி எடுக்கவில்லை. ஏழு மணிக்குப் போன் மேசைமேல் நடுங்கிக்கொண்டே விளிம்பு வரை நகர்ந்து வந்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு நாளாக இதே கதைதான். திருப்திதானே?

ஒண்டிக்கட்டை என்ற சொல்லில் தவறில்லை. ஆனால் விளக்கை நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. உங்கள் வீட்டில் அது எப்படி அணைந்தது என்று சொல்கிறேன்.

அவர் ஊர் திரும்பிய அன்று பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். நீங்கள் கடையில் தைத்துக்கொண்டிருந்தீர்கள், அவருக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். "வந்துட்டேன்." நீங்கள் தையல் மெஷினை நிறுத்தி, தெரு வாசலைப் பார்த்து, "யாருங்க? என்ன தைக்கணும்?" என்று கேட்டீர்கள்.

யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டீர்கள். அவர் அப்படியே திரும்பிப் போய், கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். சிலேட்டு அன்றைக்கே வாங்கியது.

"அவ காதுல பழைய குரல் இருக்கு டீச்சர். இந்த ஓட்டைக் குரலை வெச்சு அதை அழிக்க வேண்டாம்." இது அவர் என்னிடம் சொன்னது. என் காதில் பழையது எதுவும் இல்லை. நாங்கள் சந்தித்தபோதே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால்தான் என்னிடம் பேசினார். வேறு எந்தச் சிறப்பும் எனக்கு இல்லை. இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் ஏழு மணி என்னைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். அதனால் எழுதவில்லை.

பொறாமையைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிகிச்சையின் நடுவில் ஒரு நாள் டாக்டரிடம், என்னையும் புது மெஷினுக்கு மாற்றிவிடுங்கள் என்று தாளில் எழுதிக் காட்டினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனிதர், நேராகவே சொன்னார். "உங்களை மாத்த முடியாதும்மா. இந்தப் பக்கம் நீங்க இல்லைன்னா, அந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு நாங்க எதை வெச்சுச் சொல்றது?"

அவர் சொன்னது சரி. கணக்கு எனக்குப் புரிகிறது. என் வாய் வறண்டால்தான் உங்கள் கணவர் வாயில் ஈரம் மிஞ்சியது என்று நிரூபிக்க முடியும். அவர் பேசுவதற்கு ஒரு பொருள் வர வேண்டுமென்றால் பேச முடியாதவள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது ஏழு மணி. அதையும் கொடுத்தாகிவிட்டது.

கணக்கு டீச்சர்

———

செப்டம்பர் 20

டீச்சருக்கு,

இத்தனை நாளா எழுத முடியலை. என்ன எழுதறதுன்னு தெரியலை.

நீங்க எழுதினது நிஜம். "என்ன தைக்கணும்?"னு கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. வாசல்ல ஆளே இல்லையேன்னு மறுபடி தைக்க உக்காந்ததும் ஞாபகம் இருக்கு. என் புருஷன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தது மட்டும் தெரியாது.

உங்க லெட்டர் வந்த அன்னைக்கு ராத்திரியே அவர்கிட்ட கேட்டேன். "பேசுங்க, எப்படி இருந்தாலும் பரவாயில்லை"ன்னேன். சிலேட்டை எடுத்து 'பரவாயில்லையா?'ன்னு எழுதினாரு. எழுதிட்டு அழிச்சுட்டாரு. நான் சொன்ன வார்த்தை சரியில்லைன்னு அப்பத்தான் உறைச்சுது.

ஏழு மணி ஆனா இன்னமும் படிக்கட்டுக்குப் போறாரு. அடிச்சுப் பாக்கறாரு. எடுக்கலைன்னதும் போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணச் சொல்லி சிலேட்டுல எழுதி எழுதி என்னை நச்சரிச்சாரு. நல்லா இருக்காங்களாம்னு நானே ஒரு பொய் சொல்லி வெச்சேன்.

நேத்து செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். மைக் முன்னாடி 'ஆ'ன்னு இழுக்கச் சொன்னாங்க. பாதியிலேயே நின்னுபோச்சு. டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "கட்டி இருந்த தடமே இல்லை. ஆனா குரல் போன தடவையைவிட இறங்கியிருக்கே, பேசறதை விட்டுட்டீங்களா?"ன்னாரு. இவரு தரையைப் பாத்தாரு. "பேசாம விட்டா தசை இறுகிடும். அப்பறம் முழுங்கறதும் போயிடும். புது மெஷின் விட்டுவெச்சதை நீங்களே தொலைச்சுடாதீங்க"ன்னு அவரு சொன்னப்ப எனக்குத்தான் முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

அதனால கேக்கறேன். போனை எடுங்க டீச்சர். நான் இதை மனசாரக் கேக்கலை. எழுதும்போதே வயிறு எரியுது. நான் மாடிக்கு வரமாட்டேன், ஒட்டுக் கேக்கமாட்டேன். அவரு பேசினாப் போதும். யாரோட பேசினாலும் சரி.

தையல்காரி

———

செப்டம்பர் 27

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்க மாட்டேன். வைக்கச் சொன்னால் வைப்பதற்கும் எடுக்கச் சொன்னால் எடுப்பதற்கும் நான் உங்கள் கடையில் வேலை செய்யவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசிக்காமல் எழுதவில்லை.

நீங்கள் கடிதம் எழுதும் பில் தாளின் மேலே கடை போன் நம்பர் அச்சடித்திருக்கிறது. என் நம்பருக்கு வரும் அழைப்பெல்லாம் இனி அந்த நம்பருக்குப் போகும்படி திருப்பிவிட்டுவிட்டேன். என்னை அழைப்பவர் வேறு யாரும் இல்லை, அதனால் இடைஞ்சல் இருக்காது. ஏழு மணிக்குக் கடை போனை எடுங்கள். பேசாதீர்கள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. அவர் என்னிடம் பேசுவதாக நினைத்துப் பேசுவார். நான் கேட்டதை நீங்களும் ஒரு நாள் கேளுங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

இது ஏமாற்றுத்தானே என்று கேட்பீர்கள். ஆமாம்.

போன வாரம் எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். என் தொண்டையும் சுத்தமாக இருக்கிறது. பழைய மெஷினும் கட்டியைக் கொன்றுவிட்டது. உயிர் விஷயத்தில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். வறட்சி மட்டும் எனக்கு நிரந்தரம் என்கிறார்கள். ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், ஆயுள் முழுக்க. டாக்டர் இதைச் சொன்னபோது சந்தோஷப்பட வேண்டிய நான் உங்கள் கணவரின் ரொட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். என் குணம் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கணக்கு டீச்சர்

———

அக்டோபர் 6

அன்புள்ள டீச்சருக்கு,

கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு போன் பக்கத்துல உக்காந்தேன். ஏழு மணிக்கு அடிச்சுது. கத்தரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டு எடுத்தேன்.

"டீச்சர்! எடுத்துட்டீங்களா! என்மேல கோபமா?"ன்னாரு. கத்தரிக்கோலால ரெண்டு தட்டுத் தட்டினேன். "உடம்பு சரியில்லாம இருந்துதா?" என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு தட்டு. "சரி, சரி, நீங்க சிரமப்படாதீங்க, நான் பேசறேன்"ன்னாரு.

குரலைச் சொல்றேன் கேளுங்க. துணியைக் கிழிக்கிற மாதிரி ஆரம்பிக்குது. நடுவுல காத்தாப் போகுது. போச்சுடான்னு நெனைக்கும்போது எங்கேயோ கீழேர்ந்து திரும்பி வருது. பழைய குரல் இல்லை. அதுல பாதிகூட இல்லை. உங்களுக்கு இது தெரியும், உங்களுக்குத்தான் எனக்கு முன்னாடியே தெரியும். அதை நெனச்சு அப்பவும் ஒரு எரிச்சல் வந்துது, மறைக்க மாட்டேன்.

"இன்னைக்கு என்ன சரக்கு தெரியுமா டீச்சர்?"ன்னாரு. "ஒரு குரல். ரொம்பப் பழசு. நடுவுல ஓட்டை. வீட்ல ஒருத்திக்காகப் பத்திரமா வெச்சிருந்தேன், கொண்டுபோய்க் குடுக்கறதுக்குள்ள கெட்டுப்போச்சு. கெட்டதை அவளுக்குக் குடுக்க மனசில்லை. யாருக்காவது வேணுமா?" சொல்லிட்டு நிஜ ஏலமாவே ஆரம்பிச்சுட்டாரு. "ஒரு தரம்." இருமினாரு. "ரெண்டு தரம்." மூணாவது தரம் வரலை. மூச்சு மட்டும் கேக்குது. யாரும் கேக்கமாட்டாங்கன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு போல.

என்னால தாங்க முடியலை டீச்சர். நீங்க பேசாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. "எனக்கு வேணும்"னு கத்திட்டேன்.

போன் கட்டாயிடுச்சு. படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேட்டுது. பின்பக்கக் கதவு வழியா வந்து நின்னாரு. மூஞ்சியில கோபமா, பயமான்னு தெரியலை. சிலேட்டு மாடியிலேயே இருந்திருக்கு. கை அதைத் தேடிட்டுச் சும்மா நின்னுது. அப்பறம் வாயாலயே சொன்னாரு: "வெலை சொல்லாம சரக்கு கேக்கற ஆளை இன்னைக்குத்தாண்டி பாக்கறேன்."

அவ்வளவு கிட்டத்துல நின்னு அவரு என்கிட்டப் பேசி எத்தனை காலம் ஆச்சு! நான் அழுதேன். அவரு, "பரவாயில்லையா?"ன்னு கேட்டாரு. "பரவாயில்லை இல்லை, நல்லாவே இல்லை. ஆனா இதுவும் எனக்குத்தான் வேணும், வேற யாருக்கும் தரக்கூடாது"ன்னேன். அப்பறந்தான் சிரிச்சாரு. இது டீச்சர் மூளைதானேன்னு கேட்டாரு. ஒத்துக்கிட்டேன்.

இப்ப தினம் ஏழு மணிக்குக் கடையில உக்காந்து பேசறாரு. வாங்க வர்றவங்க திரும்பிப் பாப்பாங்க. பாக்கட்டும். டாக்டர் குடுத்த பயிற்சியும் செய்யறாரு. புது மெஷினை இன்னும் ரெண்டு ஊரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போறாங்களாம், உங்க ரெண்டு பேர் கணக்கெல்லாம் அதுல சேந்திருக்காம். அதைச் சொல்லும்போது அவரு, "பாதிக் கணக்கு டீச்சரோடது"ன்னாரு. எனக்குக் கோபம் வரலை. ஆச்சரியமா இருந்துது.

நீங்க போனைப் பழையபடி உங்க பக்கம் திருப்பிக்குங்க. எட்டு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிடறோம். நீங்க தட்டினாப் போதும்.

ரேடியேஷன் பட்ட இடத்துல கழுத்துத் தோல் கருத்து உறுத்தும்னு அவரு சொன்னாரு. மெல்லிசு பருத்தியில, தையல் உள்பக்கம் படாதபடி கழுத்துத் துணி நாலு தெச்சு இதோட அனுப்பறேன். அளவு அவர்கிட்டக் கேக்கலை. உங்க கழுத்தளவு அவருக்குத் தெரிஞ்சிருந்தா இன்னொரு சண்டை வந்திருக்கும். நான் குத்துமதிப்பாத்தான் வெட்டினேன். சின்னதா இருந்தா எழுதுங்க. இல்லைன்னாலும் எழுதுங்க. தட்டறது அவருக்கு, எழுதறது எனக்கு.

இதை எழுதும்போது அவரு பின்னாடி வந்து நின்னு, "யாருக்கு? டீச்சருக்கா? அப்படி என்னதான் எழுதிக்கறீங்க ரெண்டு பேரும்?"னு எட்டிப் பாத்தாரு. கையால மறைச்சுக்கிட்டேன். "ஒரு பக்கம் காட்டேன்"னாரு. முடியாதுன்னேன். முகம் வாடிப்போய், அந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்து இந்தப் பேனாவையே பாத்துக்கிட்டிருக்காரு. கொஞ்ச நாள் அவரும் பட்டுப் பாக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தையல்காரி